ஜந்தர் மந்தர்: டெல்லியா, ஜெய்ப்பூரா?

டெல்லியில் ஜந்தர் மந்தர் என்ற பழைய வானாய்வகத்தைப் பார்த்தவர்கள் பலர், ஜெய்ப்பூரிலும் அதே பெயரைக் கண்டதும் "அதைத்தான் பார்த்தாயிற்றே" என்று ஹவா மஹாலுக்குப் போய்விடுகிறார்கள். இரண்டையும் கட்டியவர் ஜெய்ப்பூர் அரசர் இரண்டாம் சவாய் ஜெய்சிங்தான். ஆனாலும் ஒன்றுக்கு மட்டுமே நேரம் இருக்கிறது என்றால் தயங்காமல் ஜெய்ப்பூர் என்பேன்.

1724-இல் எழுந்த டெல்லி ஆய்வகம்தான் மூத்தது. கன்னாட் பிளேஸிலிருந்து நடந்தே போய்விடலாம். 2017-இல் தமிழக விவசாயிகள் மண்டை ஓடுகளுடன் போராடியதால், நம்மில் பலருக்கு அந்தப் பக்கம் போராட்டக்களமாகத்தான் தெரியும். சிவந்த சுவர்களும் வளைவுகளும் கண்ணை நிறைக்கும். பல கருவிகளை ஒன்றாக இணைத்த மிஸ்ர யந்திரத்தை வேறெங்கும் பார்க்க முடியாது. ஆனால் பூச்சில் கீறிய அளவுகோடுகளில் பெரும்பாலானவை அழிந்துவிட்டன. சுற்றிலும் உயரமான கட்டடங்கள் வேறு. கோடுகள் போய்விட்ட கருவியில் எதைப் படிப்பது?

ஜெய்ப்பூரில் படிக்கலாம். பளிங்கில் செதுக்கிய அளவுகோடுகள் இன்றும் தெளிவாக இருக்கின்றன. 27 மீட்டர் உயரச் சூரியக் கடிகாரமான சம்ராட் யந்திரத்தின் சாய்சுவர், அவ்வூரின் அட்சரேகைக்கு ஏற்ப 27 பாகை சாய்ந்து வானின் வடதுருவத்தை நோக்குகிறது. இருபுறமும் உள்ள வளைவுகளில் அதன் நிழல் விநாடிக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் நகர்கிறது. ஒரு நிமிடம் அசையாமல் நின்றால் நான்கு விரற்கடை தாண்டியிருக்கும். பூமி சுழல்வதை இவ்வளவு பக்கத்தில் வேறெங்கும் நான் உணர்ந்ததில்லை. சூரியன் புள்ளியல்ல, வட்டு என்பதால் நிழலின் விளிம்பு மங்கலாகவே இருக்கும். கிடைக்கும் உள்ளூர் நேரத்தைக் கைக்கடிகாரத்தோடு ஒப்பிட 27 நிமிடங்களைக் கூட்டி, அன்றைய நாளுக்கான திருத்தத்தையும் சேர்க்க வேண்டும்.

எனக்கு அதைவிடப் பிடித்தது ஜெய்பிரகாஷ் யந்திரம். தரைக்குள் இறங்கிய இரண்டு பளிங்குக் கிண்ணங்கள். ஒன்றில் பளிங்கு இருக்கும் இடத்தில் மற்றதில் ஆள் நடக்க இடைவெளி. மேலே குறுக்குக் கம்பிகள் தாங்கும் சிறு வளையத்தின் நிழல் விழும் இடமே சூரியன் வானில் நிற்கும் இடம். மேஷம் முதல் மீனம் வரை ராசிக்கொன்றாகப் பன்னிரண்டு கருவிகள் கொண்ட ராசிவலயம் ஜெய்ப்பூருக்கே உரியது. 2010-இல் யுனெஸ்கோ ஜெய்ப்பூர் ஆய்வகத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது முற்றிலும் பொருத்தம்.

மகாகாலேஸ்வரரைத் தரிசிக்க உஜ்ஜயினி போகிறவர்கள் சிப்ரா ஆற்றங்கரையில் ஜெய்சிங் கட்டிய இன்னொரு ஆய்வகத்துக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்கலாம். சிறியதுதான், ஆனால் இன்றும் கோள்நிலைக் கணிப்புகளை வெளியிடுகிறது. காசியில் மான்மந்திர் படித்துறை மாளிகையின் மொட்டைமாடியிலும் சில கருவிகள் உள்ளன. மதுராவில் இருந்தது அழிந்துவிட்டது.

ஜெய்ப்பூருக்கு மழைக்காலத்தில் போகாதீர்கள், வெயில் இல்லாமல் எந்தக் கருவியும் பேசாது. காலையில் போனால் சம்ராட்டின் மேற்கு வளைவில் நிழல் இறங்குவதையும், பிற்பகலில் கிழக்கு வளைவில் ஏறுவதையும் பார்க்கலாம். வழிகாட்டியை அமர்த்தினால் அரச கதைகளைக் குறைத்துக்கொண்டு அளவுகோட்டைப் படிக்கக் கற்றுத்தரச் சொல்லுங்கள்.