பூச்சாடிக்குப் பின்னால் இருந்த வரி: லண்டன் மறதிநோய் இல்லம் ஒன்றைப் பற்றி

பெரியம்மாவுக்கு இடம் தேடி, வடமேற்கு லண்டனில் மறதிநோயாளருக்கான பராமரிப்பு இல்லம் ஒன்றுக்கு அவரையும் அழைத்துக்கொண்டு சென்றிருந்தோம். அறைகள் துப்புரவாக இருந்தன, மதியச் சாப்பாடும் குறை சொல்லும்படி இல்லை. எனவே, இல்லம் எதை வெளிப்படையாகச் சொல்கிறது என்பதைப் பற்றியே எழுதுகிறேன்.

இங்கிலாந்தில் சி.கியூ.சி. எனப்படும் பராமரிப்புத் தர ஆணையம் அளித்த மதிப்பீட்டை, இல்லத்திலும் அதன் இணையத்தளத்திலும் கண்ணில் படும்படி வைக்க வேண்டும் என்பது 2015 ஏப்ரல் முதல் சட்டம். இங்கும் வரவேற்பு மேசையின் பின்னால் ‘நன்று’ என்ற தாள் இருந்தது. அதன் கீழே, தனித்தனி அம்சங்களுக்கான மதிப்பீடுகளாக இருந்த ஐந்து வரிகளில் முதலாவதைப் பூச்சாடி ஒன்று மறைத்திருந்தது. வேண்டுமென்று வைத்திருக்கமாட்டார்கள், ஆனாலும் நகர்த்திப் பார்த்தேன். ‘பாதுகாப்பு’ என்பதற்கு நேரே ‘மேம்பாடு தேவை’ என்றிருந்தது. ஐந்தில் ஒன்று இப்படி இருந்தாலும் மொத்த மதிப்பீடு ‘நன்று’ என்றே வரலாம். தாளில் இருந்த ஆண்டு 2019. பல இடங்கள் ஆண்டுக்கணக்கில் மறுபடி சோதிக்கப்படவில்லை என்று அந்த ஆணையத்தின் செயல்பாட்டை அரசுக்காக ஆராய்ந்த பென்னி டாஷ் 2024இல் அளித்த அறிக்கையே கூறியிருப்பதால், பழைய தேதிக்கு இல்லத்தை மட்டும் குறை சொல்ல முடியாது.

இரவில் எத்தனை பேர் வேலையில் இருப்பார்கள் என்று கேட்டேன். போதுமான ஊழியர் வேண்டும் என்கிற சட்டம் எண்ணிக்கை எதையும் சொல்லாததால், இதை நாமே கேட்டறிய வேண்டும். முகாமையாளர் தயங்காமல் அந்த வாரத்துப் பணிப்பட்டியலையே எடுத்துக் காட்டினார். குறியீட்டு எண் அழுத்தித் திறக்கும் கதவைப் பற்றிக் கேட்டபோதும், வெளியே போகவிடாமல் தடுப்பதற்கு 2005ஆம் ஆண்டு மனத்திறன் சட்டத்தின்கீழ் தனி அனுமதி பெற வேண்டும் என்பதையும், அதில் குடும்பத்தினர் எங்கே கேள்வி எழுப்பலாம் என்பதையும் பொறுமையாக விளக்கினார். இந்த இரண்டுக்கும் முழு மதிப்பெண் தருவேன்.

கட்டணத்தில்தான் சறுக்கல். வாரக் கட்டணம் இணையத்தளத்தில் இல்லை. ஆண்டுதோறும் எவ்வளவு கூடும் என்பதற்கு “வழக்கம்போல” என்பதே பதில். இத்தகைய விவரங்களைக் குடும்பத்தினர் கேட்கும் முன்பே தெளிவாகத் தர வேண்டும் என்று, நுகர்வோர் நலனையும் கவனிக்கும் அரசு அமைப்பான போட்டி மற்றும் சந்தை ஆணையம் 2018இலேயே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது.

புறப்படும்போது, கூடத்தில் கிழமை காட்டும் பலகையைப் பார்த்துப் பெரியம்மா, “இண்டைக்குச் செவ்வாயே?” என்று கேட்டார். அன்று வியாழன். பக்கத்தில் நின்ற பணிப்பெண் மன்னிப்புக் கேட்டு உடனே மாற்றினார். கட்டண உயர்வு விதி எழுத்தில் வந்து சேரும்வரை முன்பணம் கட்டுவதாக இல்லை.