ஹனேகேயா, வான் ட்ரியரா?

இருவருமே நம்மை நெளிய வைக்கும் திரைப்பட இயக்குநர்கள். மிகேல் ஹனேகே மறைத்தே வதைப்பார். 1997-இல் வந்த 'ஃபன்னி கேம்ஸ்' படத்தில் இரண்டு இளைஞர்கள் ஒரு குடும்பத்தை வீட்டுக்குள் சிறைபிடிக்கிறார்கள். துப்பாக்கி வெடிக்கும்போது கேமரா சமையலறையில், சாண்ட்விச் செய்யும் இளைஞனோடு நிற்கிறது. பிறகு, சிக்கிக்கொண்ட பெண் அந்த இருவரில் ஒருவனைச் சுட்டதும் நாம் உள்ளுக்குள் கைதட்டுகிறோம். உடனே அவன் கூட்டாளி ரிமோட்டைத் தேடி எடுத்துக் காட்சியையே பின்னுக்கு ஓட்டிவிடுகிறான்! கைதட்டிய நம்மைத்தான் அவர் பிடிக்கிறார்.

லார்ஸ் வான் ட்ரியர் எதையும் மூடுவதில்லை. 'டாக்வில்' (2003) படத்தில் வரும் ஊரில் வீடுகளுக்குப் பதில் தரையில் சாக்பீஸ் கோடுகள். சுவரே இல்லாததால், ஒருத்தி சீரழிக்கப்படுவதும் ஊர் தன் வேலையைப் பார்ப்பதும் ஒரே சட்டகத்தில் தெரிகின்றன. அபாரம். ஆனால் சில படங்களில் அதிர்ச்சிக்காகவே அதிர்ச்சி தருகிறார், பேட்டிகளிலும் அப்படித்தான்.

முதலில் பார்ப்பதென்றால் ஹனேகே. ஆனால் தனியாகப் பார்க்க வேண்டாம்.