ரஃப்பின் அனோட்டேஷன் விதிகளோடு இரண்டு வருடம்

ரஃப் என்பது பைத்தான் கோடை ஓட்டாமலே படித்துக் குறை சொல்லும் டூல். எங்கள் டீமின் கோடில் அதன் ஏஎன்என் விதிகளை, அதாவது ஃபங்ஷன்களில் எந்த வகை மதிப்பு வரும், போகும் என்று டைப் எழுதச் சொல்லும் அனோட்டேஷன் விதிகளை, ஆன் செய்து இரண்டு வருடம் ஆகிறது. ஆர்க்யுமென்ட்டுக்கு டைப் எழுதாவிட்டால் ஏஎன்என்001, பப்ளிக் ஃபங்ஷனுக்கு ரிட்டர்ன் டைப் இல்லாவிட்டால் ஏஎன்என்201 என்று சிஐ (கோடைச் சேர்க்கும்போது தானாக ஓடும் சோதனை) நிறுத்திவிடும்.

"மைபைதான் ஏற்கெனவே ஓடுகிறதே, இது எதற்கு?" என்று முதலில் நானும் கேட்டேன். மைபை என்பது எழுதிய டைப்கள் பொருந்துகின்றனவா என்று சோதிக்கும் டூல். டைப்பே எழுதாத ஃபங்ஷனுக்குள் மைபை இயல்பாக எட்டிப் பார்ப்பதில்லை என்பது அப்போது எனக்குத் தெரியாது. எர்ரர் வரவில்லை, அதனால் கோடு சரியாக இருக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தோம். ஆர்க்யுமென்ட்டே இல்லாத ஃபங்ஷன் என்றாலும், ரிட்டர்ன் டைப் 'நன்' (None, மதிப்பு எதுவும் இல்லை) என்று எழுதினால்தான் அதன் உள்ளே சோதனை நடக்கும். மைபையிலேயே இதைக் கட்டாயமாக்க ஒரு செட்டிங் உண்டுதான். ஆனால் ரஃப் நொடியில் முடிந்துவிடுகிறது, பப்ளிக், பிரைவேட் ஃபங்ஷன்களுக்குத் தனித்தனி விதியும் வைத்திருக்கிறது.

பலன் தெரிந்த இடம் ஒன்றைச் சொல்கிறேன். போன் நம்பரை வைத்து வாடிக்கையாளரைத் தேடும் ஃபங்ஷன் ஒன்று இருந்தது. ஆள் கிடைக்காவிட்டால் அது நன் திருப்பித் தரும். ரிட்டர்ன் டைப் எழுத உட்கார்ந்தபோதுதான் அதைக் கவனித்தோம். 'கஸ்டமர் அல்லது நன்' என்று எழுதியதும், அதை அழைக்கும் மூன்று இடங்களில் மைபை எர்ரர் காட்டியது. மூன்றிலும் நன் வருமா என்று யாரும் பார்த்திருக்கவில்லை. அதுவரை அந்த ரிட்டர்ன் மதிப்பை மைபை 'எனி'யாகவே, அதாவது எந்த டைப்பாகவும் இருக்கலாம் என்றே, எடுத்துக்கொண்டிருந்தது.

தொடக்கத்தில் ஒரு தவறு செய்தோம். எல்லா ஃபோல்டருக்கும் ஒரே நாளில் ஆன் செய்தோம். சிஐ பச்சையானால் போதும் என்று எல்லாரும் 'எனி' போட ஆரம்பித்தார்கள். அதைத் தடுக்கும் ஏஎன்என்401-ஐயும் ஆன் செய்தால் வரிக்கு வரி, 'இந்த வரியை விட்டுவிடு' என்று ரஃப்பிடம் சொல்லும் நோக்யூஏ கமென்ட் முளைத்தது. டைப் இல்லாத கோடைவிடப் பொய்யான டைப் உள்ள கோடு மோசம் என்பது என் உறுதியான கருத்து. பிறகு எல்லாவற்றையும் திரும்ப எடுத்துவிட்டு, பழைய ஃபோல்டர்களை விலக்குப் பட்டியலில் போட்டோம். ஒரு ஃபோல்டரில் பெரிய வேலை வரும்போது மட்டும் அதைப் பட்டியலிலிருந்து நீக்குகிறோம். டெஸ்ட் ஃபைல்களுக்கு இந்த விதிகள் கிடையாது.

எதையும் ரிட்டர்ன் செய்யாத ஃபங்ஷன்களுக்கு ரஃப்பே 'நன்' போட்டுத் தருகிறது. அதை 'அன்சேஃப்' திருத்தம் என்று வகைப்படுத்தியிருப்பதால், மாற்றங்களைப் படித்துப் பார்த்த பிறகே கமிட் செய்கிறோம். ஒரு ஃபங்ஷனைச் சுற்றி இன்னொன்றைப் போர்த்தும் டெக்கரேட்டர்கள்தான் இன்னும் சிரமம். உள்ளே இருக்கும் ஃபங்ஷனின் ஆர்க்யுமென்ட் டைப்களை அப்படியே கடத்தும் பாரம்ஸ்பெக் புரிய எனக்கே ஒரு வாரம் ஆனது, புதிதாகச் சேர்பவர்களிடம் அதை எதிர்பார்ப்பதில்லை. ஃபங்ஷனுக்குள் இருக்கும் லோக்கல் வேரியபிள்களுக்கு டைப் எழுதச் சொல்லி இந்த விதிகள் கேட்பதில்லை, அது எனக்குப் பிடித்திருக்கிறது. அங்கே மைபை தானே கண்டுபிடித்துக்கொள்கிறது.

விலக்குப் பட்டியலில் இப்போது மிச்சமிருப்பது ரிப்போர்ட் ஃபோல்டர் மட்டும். ஜேசன் (JSON) டேட்டாவிலிருந்து வரும் டிக்ஷனரிகளை அப்படியே கை மாற்றும் கோடு அது. டிக்ஷனரியின் ஒவ்வொரு கீக்கும் டைப் சொல்லும் டைப்டுடிக்ட் எழுதி ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டிருக்கிறோம்.