வென்டோய் பென்ட்ரைவ்: நீண்டகாலப் பாவனைக்குப் பிறகு

யாழ்ப்பாணத்தில் கணினி திருத்தும் மேசைக்கு வரும் இயந்திரங்களுக்குள் பதினைந்து வருட வயது வித்தியாசம் இருக்கும். பாரிஸிலிருந்து மாமா கொண்டுவந்த லப்டொப் ஒரு பக்கம், பழைய கோர் டூ டுவோ சிப் போட்ட ரியூட்டரி டெஸ்க்டொப் மறுபக்கம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பென்ட்ரைவ் எழுதிவைத்த வேலையை, விண்டோஸ், லினக்ஸ் என்று பல இன்ஸ்டோல் கோப்புகளை ஒரே பென்ட்ரைவில் வைத்து வேண்டியதைப் பூட் பண்ணவிடும் வென்டோய் செயலி 2020இல் வந்து பெரும்பாலும் இல்லாமற் செய்தது. ஆனால் அது ஒன்றே போதும் என்பவர்கள் அதை அதிக நாள் பாவித்திருக்க மாட்டார்கள்.

செய்முறை சின்னது. 64 ஜிபி, யூ.எஸ்.பி. 3.0 பென்ட்ரைவைக் குத்தி, வென்டோய் செயலியில் 'இன்ஸ்டோல்' கொடுத்தால் உள்ளிருந்த எல்லாம் அழிந்து இரண்டு பகுதிகள் உருவாகும்: எக்ஸ்ஃபாட் என்ற கோப்பு முறையில் பெரியது ஒன்று, 32 எம்பியில் சின்னது ஒன்று. பார்டிஷன் முறையை எம்.பி.ஆர். என்றே விடுங்கள், பழைய பயோஸ் இயந்திரமும் புதிய யூ.ஈ.எஃப்.ஐ. இயந்திரமும் அதில் பூட் ஆகும். பிறகு இன்ஸ்டோல் டிஸ்க்கின் முழுப் பிரதியான ஐ.எஸ்.ஓ. கோப்புகளைப் பெரிய பகுதிக்குள் கொப்பி பண்ணினால் சரி. புதுப் பதிப்புக்கு 'அப்டேட்' கொடுத்தால் கோப்புகள் அப்படியே இருக்கும். அதற்குப் பக்கத்திலேயே 'இன்ஸ்டோல்' பொத்தானை வைத்தவரைத்தான் நோக வேண்டும்.

பழுதுகளில் பாதி பென்ட்ரைவிலிருந்தே வரும். மலிவாகக் கிடைக்கும் போலிப் பென்ட்ரைவ் 64 ஜிபி என்று காட்டும். உள்ளே 8 தான் இருக்கும். முதல் இரண்டு ஐ.எஸ்.ஓ. நன்றாக ஓடும், மூன்றாவது பாதியில் நிற்கும். வாங்கிய உடனேயே எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சோதனைச் செயலி கொண்டு முழுக் கொள்ளளவையும் எழுதிப் பாருங்கள். மணிக்கணக்கில் எடுக்கும், ஆனாலும் செய்யுங்கள். எக்ஸ்ஃபாட்டுக்கு ஜேர்னலிங், அதாவது மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் வசதி, இல்லை. 'ஈஜெக்ட்' கொடுக்காமல் இழுத்தால் கோப்பு இருக்கும், உள்ளடக்கம் குறையும். இரவு டேட்டாவில் இறக்கிய ஐ.எஸ்.ஓ.வையும் அதன் ஷா256 சரிபார்ப்புக் குறி இறக்கிய தளத்தில் உள்ளதோடு பொருந்துகிறதா என்று பார்க்காமல் நம்ப வேண்டாம்.

புது லப்டொப்பில் முதலில் தடுப்பது, நம்பகமான கையொப்பமுள்ள மென்பொருளை மட்டும் பூட் ஆக விடும் செக்கியூர் பூட். 'செக்கியூரிட்டி வயலேஷன்' என்று வந்தால் பயந்து அதை நிறுத்தத் தேவையில்லை. ஓகே கொடுத்து, அடுத்து ஏதாவது விசையை அழுத்தி, 'என்ரோல் கீ ஃப்ரம் டிஸ்க்' தெரிவுசெய்து, சின்னப் பகுதிக்குள் இருக்கும் சான்றிதழ்க் கோப்பைக் காட்டி ரீபூட் செய்தால் போதும். அந்த இயந்திரத்துக்கு ஒருமுறை செய்தால் சரி. நிறுத்தியே ஆக வேண்டுமென்றால், விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லொக்கரின் 48 இலக்க மீட்புச் சாவியை முதலில் எழுதி எடுங்கள். பிறகு தேடினால் கிடைக்காமல் போகலாம்.

இன்டெல் 11ஆம் தலைமுறையிலிருந்து வந்த பல லப்டொப்களில் விண்டோஸ் இன்ஸ்டோலர் எஸ்.எஸ்.டி.யையே காட்டாது. டிஸ்க் பழுதில்லை, டிஸ்க்கை நிர்வகிக்கும் இன்டெல் வி.எம்.டி.க்கான டிரைவர் இல்லாததுதான் காரணம். அதற்கான இன்டெல் ஆர்.எஸ்.டி. டிரைவரை விரித்து அதே பென்ட்ரைவில் ஒரு ஃபோல்டரில் வைத்திருந்து, 'லோட் டிரைவர்' மூலம் காட்டுங்கள்.

பாரிஸ் லப்டொப்பில் இன்னொரு கரைச்சல், பிரெஞ்ச் எழுத்து வரிசையிலான அசேர்ட்டி விசைப்பலகை. இன்ஸ்டோலின்போது யு.எஸ். என்று விட்டால் ஏ எழுதிய விசை கியூவைத் தட்டும். கடையில் கண்ணை மூடித் தட்டிய பாஸ்வேர்ட் வீட்டில் திறக்காது. பிரெஞ்ச் என்றே தெரிவுசெய்யுங்கள்.

இனி ரூஃபஸ், ஒரு ஐ.எஸ்.ஓ.வை ஒரு பென்ட்ரைவில் எழுதும் செயலி. வென்டோயில் ஒரு விண்டோஸ் ஐ.எஸ்.ஓ. அடம்பிடித்தால் முதலில் வென்டோயின் மாற்று பூட் முறையான 'விம்பூட்' முறையைப் பாருங்கள்; அதற்கும் மசியாவிட்டால் ரூஃபஸில் எழுதிய 16 ஜிபி பென்ட்ரைவ்தான் கைகொடுக்கும். விண்டோஸ் 11இன் டி.பி.எம். (பாதுகாப்புச் சிப்) சோதனையை நீக்கும் தெரிவும் அதிலேயே உண்டு. எழுதிய பென்ட்ரைவில் என்.டி.எஃப்.எஸ். கோப்பு முறை இருப்பதைக் கண்டு ஃபாட்32க்கு மாற்றாதீர்கள்: இன்ஸ்டோல் விம் கோப்பு 4 ஜிபியைத் தாண்டினால் ஃபாட்32இல் அடங்காது.

கோர் டூ டுவோவுக்கு எந்தத் தந்திரமும் பலிக்காது. விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பு கேட்கும் பொப்கவுன்ட் என்ற புரொசெசர் கட்டளை அந்தச் சிப்பில் இல்லை. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவும் 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. 4 ஜிபி ராம் இருந்தால் விண்டோஸுக்குப் பதிலாக இலேசான லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஈ போடலாம்.

எதைப் போட்டாலும் அதே பென்ட்ரைவில் யூனிகோடுக்கு முந்தைய பாமினி தமிழ் எழுத்துருவையும் வைத்திருங்கள். அது இல்லாமல் கொடுத்தால், பழைய கடிதங்களெல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாய்த் தெரிகிறதென்று பின்னேரமே தொலைபேசி வரும்.