38 வாரத்தில் மருந்து வைத்து வலி வரவைப்பதா, காத்திருப்பதா?

ஸ்கேன் தாளில் 7 என்று போட்டிருந்தது. பனிக்குட நீரின் அளவு அது, சென்டிமீட்டரில். எனக்கு அன்று 38 வாரமும் 1 நாளும். டாக்டரம்மா தாளைப் பார்த்துவிட்டு, “நீர் கம்மியா இருக்கும்மா. நாளைக்குக் காலையில அட்மிட் ஆயிடுங்க, வலிக்கு மருந்து வச்சிடலாம்” என்றார். ஏப்ரல் 8-ஆம் தேதி. காரைக்குடியிலிருந்து கானாடுகாத்தான் அம்மா வீட்டுக்குத் திரும்பும் வழியில் காரில் யாரும் பேசவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஆளாளுக்குப் பேசினார்கள். மாமியார் போனில், “பங்குனிக்குள்ள பொறந்துட்டா நல்லதுதானே, சித்திரைக்கு ஏன் இழுத்துக்கிட்டு?” என்றார். சித்திரையில் பிள்ளை பிறந்தால் வீட்டுப் பெரியவர்களுக்கு ஆகாது என்ற நம்பிக்கை நம் பக்கம் இன்னும் இருக்கிறது. அம்மாவுக்கு “நீர் கம்மி” என்ற சொல்லே போதும், கண் கலங்கிவிட்டார். ஆயா (எங்கள் பாட்டி) மட்டும் வளவில், அதாவது உள்முற்றத்தில், உட்கார்ந்தபடி, “புள்ள நல்லாத்தானே உதைக்குது?” என்று கேட்டார். பிறகு நான் பார்த்த இன்னொரு டாக்டரும் முதலில் கேட்ட கேள்வி அதுதான்.

நான் காத்திருந்தேன். அதனால் இந்த ஒப்பீட்டில் அந்தப் பக்கம்தான் சாய்வேன், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் அனுபவம் ஒரே ஒரு பிரசவம். முதல் பிரசவம் ஆபரேஷன் ஆனவர்கள், இரட்டைப் பிள்ளை சுமப்பவர்கள் கணக்கு வேறு. அவர்கள் இதை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

டாக்டர் என்ன காரணம் சொல்கிறார் என்பதை வைத்துத்தான் எல்லாமே. ரத்தக்கொதிப்பு ஏறி சிறுநீரில் புரதம் போகிறது, பனிக்குடம் உடைந்துவிட்டது, குழந்தை வளரவில்லை, தொப்புள்கொடியில் ரத்த ஓட்டம் குறைகிறது, அசைவு குறைந்துவிட்டது, உள்ளங்கை உள்ளங்கால் அரிப்போடு ரத்தப் பரிசோதனையில் பித்த அமிலம் கூடியிருக்கிறது, இன்சுலின் போட்டும் சர்க்கரை கட்டுப்படவில்லை: இதில் எதைச் சொன்னாலும் காத்திருப்பது பற்றிப் பேச்சே வேண்டாம். என் சித்தி மகளுக்கு 37 வாரத்தில் ரத்தக்கொதிப்பு 150/100 இருந்தது, சிறுநீரிலும் புரதம். உடனே சேர்த்து வலி வரவைத்தார்கள். அதுதான் சரி. அவளைப் பற்றிக் கீழே இன்னொரு விஷயம் சொல்ல வேண்டியிருக்கிறது.

இன்னொரு வகைக் காரணங்கள் இருக்கின்றன. “கொடி சுத்தியிருக்கு” என்பார்கள். கழுத்தில் கொடியோடு பிறக்கும் குழந்தைகள் ஏராளம். அது மட்டுமே இருந்தால் அவசரத்துக்குக் காரணமாகாது. “பிள்ளை பெருசா இருக்கு” என்பார்கள். ஸ்கேன் சொல்லும் எடை பத்து, பதினைந்து சதவீதம் முன்னே பின்னே போகும். அப்புறம் நட்சத்திரம், டாக்டர் வெளியூர் போவது, மாப்பிள்ளையின் லீவு. இவற்றுக்காக 38-இல் மருந்து வைக்கச் சம்மதிக்கவே கூடாது என்பது என் கருத்து.

நீர் கம்மி என்பது இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. வயிற்றை நான்கு பாகமாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் நீரின் ஆழத்தை அளந்து கூட்டுவது ஏ.எஃப்.ஐ. 5-க்குக் கீழே போனால்தான் குறைவு என்று கணக்கு. 5-லிருந்து 8 வரை எல்லைக்கோடு. இன்னொரு அளவும் உண்டு: இருப்பதிலேயே ஆழமான ஒரே இடத்தை மட்டும் பார்ப்பது, அது 2 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் போதும். இந்த இரண்டு முறைகளையும் ஒப்பிட்ட ஆய்வுகளில், நான்கையும் கூட்டும் முறையில் “நீர் குறைவு” என்று பெயர் வாங்குபவர்களும் வலி வரவைக்கப்படுபவர்களும் அதிகமானார்கள். குழந்தைகளுக்கு அதனால் கூடுதல் நன்மை தெரியவில்லை. என் தாளை மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஆழமான இடம் 3.4. குழந்தையின் எடையும் கொடியின் ரத்த ஓட்டமும் சரியாக இருந்தன. பங்குனி வெயிலில் நான் குடித்த தண்ணீரும் குறைவுதான். மூன்று நாள் ஒழுங்காகத் தண்ணீர் குடித்தபின் எடுத்த ஸ்கேனில் 9 வந்தது.

இத்தனை வாரம் என்கிறார்களே, அந்தக் கணக்கு எதிலிருந்து என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். மாதவிலக்கு தள்ளித் தள்ளி வருபவர்களுக்கு, கடைசியாக வந்த தேதியை வைத்துப் போட்ட கணக்கு பத்து நாள்கூடத் தப்பும். முதல் மூன்று மாதத்தில் எடுத்த ஸ்கேன்தான் நம்பகம். உங்கள் 38 உண்மையில் 36½ ஆக இருந்தால் எல்லாமே மாறிவிடும். 39 நிறையும் முன் பிறக்கும் குழந்தைகளுக்கு மூச்சுத் திணறல், மஞ்சள் காமாலை, பால் குடிக்கத் திணறுவது எல்லாம் கொஞ்சம் கூடுதல். வலுவான காரணம் இருந்தால் அந்த ஆபத்தை ஏற்கலாம். பங்குனி முடிவதற்குள் பிறக்க வேண்டும் என்பதற்காக ஏற்க முடியாது.

இப்போது மருந்து வைக்கும் பக்கத்துக்கும் நியாயம் செய்ய வேண்டும். வலி வரவைத்தாலே ஆபரேஷனில்தான் முடியும் என்று நானும் நம்பியிருந்தேன். அது அப்படியில்லை. அமெரிக்காவில் முதல் பிரசவக்காரர்கள், வேறு சிக்கல் இல்லாதவர்கள், ஆறாயிரம் பேருக்கு மேல் வைத்து நடத்திய அரைவ் ஆய்வு 2018-இல் வெளியானது. 39 வாரத்தில் வலி வரவைத்தவர்களில் 18.6 சதவீதம் பேருக்குத்தான் ஆபரேஷன். காத்திருந்தவர்களில் 22.2. ரத்தக்கொதிப்புச் சிக்கலும் காத்திருந்தவர்களுக்கே அதிகம். இதைப் படித்தபோது என் முடிவு ஆடித்தான் போனது. ஆனால் அந்த ஆய்வு 39-இல் செய்தது. எனக்குச் சொன்னது 38-இல்.

அதைவிடப் பெரிய வித்தியாசம் ஒன்று இருக்கிறது. என் முடிவு அதை வைத்துத்தான் அமைந்தது: மருந்து வைத்தபிறகு எத்தனை மணி நேரம் பொறுப்பார்கள்?

கர்ப்பப்பை வாய் பக்குவமாக இருக்கிறதா என்று பார்க்க 1964-இல் எட்வர்ட் பிஷப் என்ற மருத்துவர் ஒரு மதிப்பெண் முறை கொடுத்தார். வாய் எவ்வளவு திறந்திருக்கிறது, எவ்வளவு மெலிந்திருக்கிறது, இளகியிருக்கிறதா, எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது, தலை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று ஐந்தையும் பார்த்து 13-க்கு மதிப்பெண். 8-க்கு மேல் இருந்தால் தானாக வலி வந்தது போலவே நடக்கும். 6-உம் அதற்குக் கீழும் என்றால் முதலில் வாயைப் பழுக்க வைக்க வேண்டும். என்னுடையது 3.

பழுக்க வைப்பது ஒரு மணி நேர வேலை கிடையாது. வாயை இளக்கும் ஜெல் என்றால் வைத்து ஆறு மணி நேரம் பார்த்து, தேவையென்றால் மறுபடி வைப்பார்கள். மிசோப்ரோஸ்டால் என்ற மாத்திரை என்றால் 25 மைக்ரோகிராம் கணக்கில் விட்டு விட்டுக் கொடுப்பார்கள். ஃபோலி குழாய் என்றால் அதன் நுனியில் இருக்கும் பலூனை நீர் ஏற்றி உள்ளே வைத்து, 12 மணி நேரமோ அதற்கு மேலோ விடுவார்கள். இதெல்லாம் முடிந்த பிறகுதான் வலியைத் தூண்டும் ஆக்ஸிடோசின் ட்ரிப், பனிக்குடத்தை உடைப்பது. தாயும் குழந்தையும் நன்றாக இருந்தால், பனிக்குடம் உடைத்து ட்ரிப் ஏற்றி 12 முதல் 18 மணி நேரமாவது ஆகாமல் “மருந்து பலிக்கவில்லை” என்று முடிவு கட்டக்கூடாது என்று அமெரிக்க மகப்பேறு மருத்துவர் சங்கம் 2014-இலேயே சொல்லியிருக்கிறது. அரைவ் ஆய்வும் அப்படிப் பொறுத்திருந்து பார்த்ததுதான். அந்த 18.6 அந்தப் பொறுமையோடு சேர்ந்து வந்த எண். காலையில் ஜெல், மாலையில் தியேட்டர் என்று நடக்கும் இடத்தில் அது செல்லாது.

அதனால் போன் செய்து டாக்டரம்மாவிடமே கேட்டேன். “மருந்து வச்சா எவ்வளவு நேரம் பார்ப்பீங்க டாக்டர்?” அவர் கோபப்படவில்லை. “சாயந்திரம் வரைக்கும் பார்ப்போம்மா. அதுக்கு மேல ரிஸ்க் எடுக்க வேண்டாம்” என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அங்கே அவர் ஒருவர்தான். மயக்க மருந்து டாக்டர் வெளியிலிருந்து வர வேண்டும், இரவு இரண்டு மணிக்குக் கூப்பிட்டால் வருவாரா என்பது நிச்சயமில்லை. அப்படிப்பட்ட இடத்தில் மாலைக்குள் முடித்துவிட நினைப்பது அவருக்குப் பாதுகாப்பு, எனக்கும் ஒருவகையில் பாதுகாப்பு. ஆனால் 3 மதிப்பெண்ணோடு காலையில் படுத்தால் மாலைக்குள் எனக்கு ஆகப்போவதில்லை. வலி வரவைப்பதற்குச் சம்மதிப்பதாக நினைத்துக்கொண்டு நான் ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டிருப்பேன். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் பிரசவங்களில் 45 சதவீத அளவுக்கு ஆபரேஷன். தனியார் மருத்துவமனைகளில் மட்டும் 64 அளவுக்கு. அந்த 64-இல் எத்தனை பேர் என்னைப் போன்ற 3 மதிப்பெண்காரர்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

சித்தி மகள் விஷயத்துக்கு வருகிறேன். அவளைச் சேர்த்தது அரசு ஆஸ்பத்திரியில். ஃபோலி வைத்து, மாத்திரை கொடுத்து, ட்ரிப் ஏற்றி, மொத்தம் 36 மணி நேரம் போனது. ஷிப்ட் மாறி மாறி டாக்டர்கள் வந்து பார்த்தார்கள். மயக்க மருந்து டாக்டர் உள்ளேயே இருந்தார். பிரசவம் நார்மல். வார்டில் கூட்டம், வெளியே நின்ற சித்திக்கு உட்கார இடம்கூடக் கிடைக்கவில்லை. ஆனால் அவளுக்குத் தேவைப்பட்ட 36 மணி நேரத்தை அந்த இடம் கொடுத்தது. கட்டணத்தையும் அறை வசதியையும் ஒப்பிடுவதற்கு முன்னால் இதைத்தான் ஒப்பிட வேண்டும்.

டாக்டரம்மாவிடம் போனில் பேசிய மறுநாள் காரைக்குடியிலேயே இருபத்துநாலு மணி நேரமும் டாக்டர்கள் இருக்கும் இன்னொரு இடத்தில் காட்டினோம். “40 வரை பொறுக்கலாம். மூணு நாளைக்கு ஒரு தரம் வந்து என்.எஸ்.டி., ஸ்கேன் பாத்துக்கணும். ஒரு தரம் தவறினாலும் நான் பொறுப்பெடுக்க மாட்டேன்” என்றார் அந்த டாக்டர். “மருந்து வைக்க வேண்டி வந்தா ரெண்டு நாள்கூட ஆகும், பயப்படாதீங்க” என்றும் சொன்னார். அந்த இரண்டாவது வாக்கியத்துக்காகவே அங்கே போகத் தீர்மானித்தேன்.

காத்திருப்பது சும்மா இருப்பது கிடையாது. மூன்று நாளைக்கு ஒருமுறை வெயிலில் போய் அரைமணி நேரம் வயிற்றில் பட்டை கட்டிக் குழந்தையின் நெஞ்சுத் துடிப்பைப் பதிவு செய்ய வேண்டும்; என்.எஸ்.டி. என்பது அதுதான். இரவில் வண்டியும் ஓட்ட ஆளும் தயாராக இருக்க வேண்டும். அசைவை எண்ண வேண்டும். ஆயா அதற்காகப் பரணிலிருந்து பல்லாங்குழியை இறக்கிக் கொடுத்தார். ஒரு வரிசைக்கு ஏழு குழி. மேல் வரிசை காலைக்கு, கீழ் வரிசை மாலைக்கு, ஒரு நாளுக்கு ஒரு குழி. சாப்பிட்டுவிட்டு ஆத்தங்குடித் தரையில் பாயை விரித்து இடது பக்கம் ஒருக்களித்துப் படுப்பேன். ஒவ்வோர் அசைவுக்கும் ஒரு புளியங்கொட்டை. பத்து விழ எத்தனை நிமிடம் என்று நோட்டில் குறிப்பேன். இரண்டு மணி நேரத்துக்குள் பத்து வரவில்லையென்றால் அந்த நேரமே கிளம்ப வேண்டும் என்பது பேச்சு. ஒரு மாலை ஒன்றரை மணி நேரம் ஆகியும் ஆறுதான் விழுந்தது. அம்மா கார் சாவியைக் கையில் எடுத்துவிட்டார். அப்புறம் கடகடவென்று நான்கு.

வீட்டில் இப்படிக் கவனிக்க ஆள் இல்லாதவர்கள், ஆஸ்பத்திரி தொலைவில் இருப்பவர்கள், முக்கியமாகப் பயத்தில் தூக்கமே போய்விட்டவர்கள், 39 நிறைந்ததும் பொறுமையான ஓரிடத்தில் மருந்து வைத்துக்கொள்வதே நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது. காத்திருப்பதற்கும் எல்லை உண்டு. 41-இல் வரவைப்பதா, 42 வரை விடுவதா என்று ஸ்வீடனில் நடந்த ஆய்வை, காத்திருந்தவர்கள் பக்கம் ஆறு குழந்தைகள் இறந்ததால் பாதியில் நிறுத்தினார்கள். வரவைத்தவர்கள் பக்கம் ஒரு குழந்தையும் இறக்கவில்லை. 2019-இல் அது வெளியானது. 41 நிறைந்தால் வலி வரவைக்க வேண்டும் என்றே உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. 41-இல் டாக்டர் சொன்னால் நான் ஒரு கேள்வியும் கேட்க மாட்டேன்.

எனக்கு 39 வாரம் 4 நாளில், சித்திரை 5-ஆம் தேதி இரவு ஒன்பது மணிக்கு இடுப்பில் வலி தொடங்கியது. ஆஸ்பத்திரிக்குப் போனபோது கர்ப்பப்பை வாய் இரண்டு விரல் அளவு திறந்திருந்தது. நள்ளிரவுக்கு மேல் வலி மந்தமாகி, எனக்கும் ட்ரிப் ஏற்றத்தான் செய்தார்கள். விடிந்தும் ஆகவில்லை. பத்து மணிக்கு டியூட்டி மாறி வந்த டாக்டர் பரிசோதித்துவிட்டு, “துடிப்பு நல்லாருக்கு, இன்னும் நேரம் இருக்கு” என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார். மகள் பிறந்தது மதியம் 1.20-க்கு, 2.9 கிலோ. மாமியார் மறுநாள் பஸ் ஏறி வந்து, குழந்தையை மடியில் வாங்கி வெகுநேரம் கொடுக்கவேயில்லை. சித்திரை பற்றி அதன்பிறகு வீட்டில் யாரும் பேசவில்லை.