அடுத்த சர்வீஸ் தேதி: கணக்குப் போடுவதா, எழுதி வைப்பதா?

மூன்று மாதத்துக்கு ஒருமுறை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை என்று சர்வீஸுக்கு ஆள் அனுப்பும் தொழிலில், "இன்று யார் யாரிடம் போக வேண்டும்?" என்பதுதான் தினசரிக் கேள்வி. டேட்டாபேஸில் இதற்கு மூன்று வழிகள் உண்டு.

கடைசியாகப் போன தேதியையும் இடைவெளியையும் மட்டும் வைத்துக்கொண்டு குவெரியிலேயே, அதாவது டேட்டாபேஸிடம் தகவல் கேட்கும் கட்டளையிலேயே, கூட்டிப் பார்ப்பது முதல் வழி. இடைவெளியைத் திருத்தினால் அடுத்த தேதியும் தானாக மாறிவிடும். ஆனால் வாடிக்கையாளர் "ஒரு வாரம் கழித்து வாருங்கள்" என்றால் அதைக் குறிக்க இடமில்லை. இடைவெளி ஆளுக்கு ஆள் மாறுவதால், தேடலை வேகப்படுத்தத் தேதிக்குப் போட்ட சாதாரண இன்டெக்ஸும் கைகொடுக்காது.

வருடத்துக்கான விசிட்டுகளை முன்கூட்டியே டேபிளில் தனித்தனி வரிசைகளாகப் (row) போட்டு வைப்பது இன்னொன்று. ஒப்பந்தத்தில் இத்தனை விசிட் என்று இருந்தால் இதுவே பொருந்தும். ஒப்பந்தம் பாதியில் நின்றால் மிச்ச வரிசைகளைத் தேடி நீக்க வேண்டியிருக்கும்.

மற்ற எல்லாவற்றுக்கும் என் ஓட்டு மூன்றாவதற்குத்தான்: 'அடுத்த தேதி' என்று வாடிக்கையாளர் டேபிளில் ஒரு நெடுவரிசை (column), நடந்து முடிந்த விசிட்டுகளுக்குத் தனி டேபிள். வேலை முடிந்ததும் அடுத்த தேதியை நகர்த்தினால் போதும். தள்ளிப்போடுவதும் எளிது, இன்டெக்ஸும் வேலை செய்யும்.

எந்த வழியானாலும் மாதக் கூட்டல் படுத்தும். 2025 ஜனவரி 31-உடன் ஒரு மாதம் கூட்டினால் மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் ஆகிய டேட்டாபேஸ் மென்பொருள்கள் பிப்ரவரி 28 என்கின்றன. இன்னொரு டேட்டாபேஸான எஸ்க்யூலைட் வழக்கமாக மார்ச் 3 என்கிறது. பிப்ரவரி 28-லிருந்து மறுபடி ஒரு மாதம் கூட்டினால் மார்ச் 28. மாதக் கடைசி வாடிக்கையாளர் அதன்பின் 31-க்குத் திரும்பவே மாட்டார். அதனால் தொடக்கத் தேதியைத் தனியாகச் சேமித்து, அதிலிருந்தே ஒரு மாதம், இரண்டு மாதம், மூன்று மாதம் என்று கூட்டுவது நல்லது. ஃபில்டர் மாற்றுவது போன்ற வேலைக்கு மட்டும், உண்மையில் மாற்றிய நாளிலிருந்து எண்ண வேண்டும்.

குவெரி எழுதும்போது அடுத்த தேதி இன்றைக்குச் சமமா என்று தயவுசெய்து கேட்காதீர்கள். நேற்று ஆள் வராமல் விட்டுப்போன விசிட் இன்றைய பட்டியலில் வராது, நாளையும் வராது. வாடிக்கையாளரே கூப்பிட்டுக் கேட்கும்வரை யாருக்கும் தெரியாது. 'இன்று அல்லது அதற்கு முன்' என்று கேட்டு, பழைய தேதி மேலே வரும்படி வரிசைப்படுத்துங்கள்.