"கடைசியாக எப்போது மது அருந்தினீர்கள்?": லேசர் சிகிச்சை நிலையம் ஒன்றைப் பற்றிய மதிப்பீடு

கன்னங்களில் பதினைந்து ஆண்டுகளாக இருந்த பருத் தழும்புகளுக்காகக் கோயம்புத்தூரில் இரண்டு தோல் சிகிச்சை நிலையங்களில் லேசர் செய்துகொண்டேன். இரண்டிலும் பயன்படுத்தியது ஒரே வகை லேசர்தான்: 10,600 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட கார்பன் டை ஆக்சைடு கதிரை நுண்ணிய புள்ளிகளாகப் பிரித்துத் தோலுக்குள் செலுத்தும் ஃபிராக்‌ஷனல் வகை. கட்டணமும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு முறைக்கு முதல் இடத்தில் 6,000 ரூபாய், இரண்டாவது இடத்தில் 7,000 ரூபாய். ஆனாலும் முதல் இடத்திலிருந்து முகத்தில் புதிய கருமையோடு வெளியே வந்தேன். இரண்டாவது இடத்தில் தழும்பு உண்மையாகவே குறைந்தது. இரண்டு நிலையங்களின் பெயரையும் நான் எழுதப்போவதில்லை. எந்த ஊரில், எந்தக் கிளினிக்குக்குப் போனாலும் எதைக் கவனிக்க வேண்டும் என்பதைச் சொல்வதே இந்த மதிப்பீட்டின் நோக்கம்.

முதல் நிலையத்தில் என் அப்பாவும் உடன் வந்திருந்தார். வரவேற்பில் இருந்த பெண் ஆங்கிலப் படிவம் ஒன்றை எடுத்து, பெயர், வயது, சர்க்கரை, இரத்த அழுத்தம் என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்து, புகைப்பழக்கம், மதுப்பழக்கம் என்ற இரண்டு கட்டங்களையும் என்னைக் கேட்காமலே 'இல்லை' என்று குறித்துவிட்டார். அப்பா பக்கத்தில் அமர்ந்திருக்க, நானும் திருத்தவில்லை. மாதத்தில் இரண்டு மூன்று முறை நண்பர்களோடு மது அருந்துவேன் என்பது வீட்டுக்குத் தெரியாது. சிகிச்சை முடிந்தபின் வெயிலில் போகக் கூடாது, களிம்பு தடவ வேண்டும், முகத்தைத் தேய்க்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். மதுவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. மூன்றாம் நாள் மாலை நண்பனின் திருமண வரவேற்பில் இரண்டு பெக் பிராந்தி அருந்தினேன். அரை மணி நேரத்தில் முகம் முழுவதும் தணலை அள்ளிப் பூசியதுபோல் எரிந்தது. மறுநாள் காலையில் கண்ணுக்குக் கீழே வீங்கியிருந்தது. அடங்கி வந்த சிவப்பு மீண்டும் ஏறியிருந்தது. மூன்று வாரத்தில் இரண்டு கன்னங்களிலும் கரும்பட்டை விழுந்தது. வரவேற்பு நாளன்று பகலில் மண்டப வாசலில் வெயிலில் நின்றதும் ஒரு காரணம் என்பதை நான் மறைக்கவில்லை. தொலைபேசியில் கேட்டபோது, "குடிக்கக் கூடாதுன்னு உங்களுக்கே தெரிஞ்சிருக்கணும் சார்" என்றார்கள். அந்தப் பதில் என்னை மிகவும் புண்படுத்தியது. தெரிந்திருக்க வேண்டியதைத் தெரிவிப்பதற்கும் சேர்த்துத்தானே நோயாளி பணம் கட்டுகிறார்?

கருமை மங்க நான்கு மாதங்கள் ஆயின. அதன்பிறகே இரண்டாவது நிலையத்துக்குப் போனேன். இம்முறையும் அப்பா வந்திருந்தார். செவிலியர் முதலில் செய்த வேலை, "ஐயா, நீங்க கொஞ்சம் வெளிய உட்காருங்க, முகத்த போட்டோ எடுக்கணும்" என்று அவரை நயமாக அனுப்பியதுதான். கதவு மூடிய பிறகு என்னிடம், "கடைசியா எப்ப ட்ரிங்க்ஸ் எடுத்தீங்க சார்?" என்று கேட்டார். 'மது அருந்துவீர்களா?' என்று கேட்டிருந்தால் பழக்கத்தால் 'இல்லை' என்று சொல்லியிருப்பேன். 'எப்போது?' என்று, காய்ச்சல் எப்போது வந்தது என்று கேட்பதுபோல் இயல்பாகக் கேட்டதால் உண்மை வந்தது: முந்தைய நாள் இரவு. பெண்களிடமும் இதே கேள்வியைத் தனியறையில் இதே முறையில்தான் கேட்கிறார்கள் என்று பிறகு அறிந்தேன். நம் வீடுகளில் இந்தக் கேள்வி ஆண்களிடம் குற்றச்சாட்டாகவே எழுகிறது, பெண்களிடம் எழுவதே இல்லை என்பதை நினைத்துப் பார்த்தால், அந்தச் செவிலியரின் பயிற்சி எத்தனை அருமையானது என்று புரியும். அன்று எனக்கு லேசர் செய்யவில்லை. கூடுதல் கட்டணம் எதுவும் வாங்காமல் நான்கு நாள் தள்ளி வரச் சொன்னார்கள்.

தள்ளிப்போட்டதற்கான காரணத்தை மருத்துவர் இருபது நிமிடம் விளக்கினார். அந்த விளக்கத்துக்காகவே இந்த நிலையத்தை முதலிடத்தில் வைப்பேன். மது உடலுக்குள் போனதும் தோலின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் விரிகின்றன. முகம் சிவந்து சூடாகிறது. லேசர் செய்யும்போது தோல் எவ்வளவு சிவக்கிறது, எவ்வளவு தடிக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் மருத்துவர் ஆற்றலைக் கூட்டுவதும் குறைப்பதும். ஏற்கெனவே சிவந்திருக்கும் முகத்தில் அந்த அடையாளம் குழம்பிவிடும். மது இரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டும் தன்மையையும் குறைப்பதால், நுண்புள்ளிகளில் இரத்தம் துளிர்ப்பதும் கன்றிப்போவதும் கூடலாம். சிறுநீரைக் கட்டுப்படுத்தும் வாசோபிரசின் என்ற ஹார்மோனை மது அடக்குவதால், வழக்கத்தைவிட அதிக நீர் உடலிலிருந்து வெளியேறுகிறது. லேசர் துளையிட்ட தோல் சில நாட்களுக்குத் தன் நீரைத் தானே காத்துக்கொள்ள இயலாத நிலையில் இருக்கும்போது, உள்ளிருந்தும் நீர் வற்றுவது காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தும்.

இதில் நம்மைப் போன்ற மாநிறத்தவருக்கும் கறுப்பு நிறத்தவருக்கும் தனிக் கவலை ஒன்று உண்டு. ஃபிட்ஸ்பாட்ரிக் என்ற தோல் மருத்துவரின் பெயரால் வழங்கும், வெளுப்பிலிருந்து கறுப்பு வரையிலான ஆறு தோல் வகைகளில் தமிழர் பெரும்பாலும் நான்காவது, ஐந்தாவது வகைகளில் வருகிறோம். இந்த வகைத் தோலில் அழற்சி நீடிக்கும் அளவுக்கு நிறமி செல்கள் தூண்டப்பட்டுக் கருமையைச் சுரக்கின்றன. வெள்ளைத் தோலில் சில நாள் சிவப்போடு போய்விடக்கூடிய ஒரு தவறு, நம் முகத்தில் மாதக்கணக்கில் கரும்பட்டையாக நின்றுவிடுகிறது. என் முகத்தில் நடந்ததை மருத்துவர் மதுவின் தலையில் மட்டும் போடவில்லை. அழற்சியை மது ஊதிவிட்டது, வெயில் அதை முடித்துவைத்தது என்றார். மதுவை விலக்க வேண்டிய நாள் கணக்கைப் பொறுத்தவரை அந்த நிலையத்தின் விதி இது: ஃபிராக்‌ஷனல் கார்பன் டை ஆக்சைடு லேசருக்கு முன் 48 மணி நேரம், பின் ஏழு நாட்கள், டையோடு லேசரால் முடி அகற்றுவோருக்கு முன்னும் பின்னும் 24 மணி நேரம். முன்னது தோலில் உண்மையான காயங்களை ஏற்படுத்துவது, பின்னது முடிவேரைச் சூடாக்குவது என்பதால் இந்த வேறுபாடு. எல்லா லேசருக்கும் ஒரே தாளை அச்சடித்துக் கொடுக்கும் இடங்களில் இந்தப் பகுப்பு இருக்காது. நாள் கணக்கு கிளினிக்குக்குக் கிளினிக் மாறும் என்பதையும் அவரே சொன்னார். சிவப்பும் எரிச்சலும் அடங்காத வரை ஏழாம் நாள் வந்தாலும் மதுவைத் தொடக் கூடாது என்பதே அவர் அழுத்திச் சொன்னது.

காத்திருப்பு அறையில் நான் அதிகம் கேட்ட பேச்சு, "பீர் குளிர்ச்சிதானே, அதுக்கென்ன?" என்பது. உடல் சூட்டைத் தணிக்க பீர் குடிக்கச் சொல்லும் வழக்கம் நம் ஊரில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் உண்மை விளங்கும். 8 சதவீத ஆல்கஹால் கொண்ட 650 மில்லி ஸ்ட்ராங் பீர் பாட்டில் ஒன்றில் 52 மில்லி தூய ஆல்கஹால் இருக்கிறது. 42.8 சதவீதப் பிராந்தியில் 60 மில்லி பெக் இரண்டைச் சேர்த்தால் 51 மில்லிதான் வருகிறது. ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்ததால் பாட்டில் குளிர்ந்திருக்கலாம். ஆனால் அதைக் குடித்தவரின் முகத்தில் இரத்தக் குழாய்கள் விரியத்தான் செய்யும்.

சிகிச்சைக்குப் பிந்தைய மாத்திரைகளை அங்கே ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி விளக்கினார்கள். வலிக்குக் கொடுத்த பாராசிட்டமாலோடு தொடர்ந்து மது சேர்ந்தால் கல்லீரலுக்குச் சுமை. அரிப்புக்குக் கொடுத்தது தூக்கம் வரவழைக்கும் வகை, மதுவோடு சேர்ந்தால் மயக்கம் கூடும். செவிலியர் சொன்ன இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்தது: மது அருந்திய இரவில் யாரும் களிம்பு தடவுவதில்லை, முகத்தைத் தலையணையில் புதைத்துத் தூங்குகிறார்கள், தூக்கத்தில் பொருக்கைச் சொறிந்துவிடுகிறார்கள். மருத்துவ நூலைவிட நோயாளிகளை அருகிலிருந்து பார்த்ததால் வந்த அறிவு இது.

குறைகளும் உண்டு. வீட்டுக்குக் கொடுத்தனுப்பிய தமிழ்த் தாளில் 'ஆல்கஹால் தவிர்க்கவும்' என்று ஒரே வரி இருக்கிறது. எனக்கு அடுத்து அமர்ந்திருந்த அம்மா ஒருவர் அதைப் படித்துவிட்டு, தன் மாய்ஸ்சரைசர் டப்பாவில் 'சீட்டைல் ஆல்கஹால்' என்று எழுதியிருப்பதைக் கண்டு அதைத் தூக்கியெறியப் போனார். சீட்டைல், சீட்டோஸ்டெரைல் போன்றவை தோலை மிருதுவாக்கும் மெழுகு போன்ற பொருள்கள். மதுவில் உள்ள எத்தனாலுக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. விலக்க வேண்டியவை எத்தனால் மிகுந்த டோனர், சவரத்துக்குப் பின் தடவும் ஆஃப்டர் ஷேவ் போன்றவை. லேசர் அறைக்குள் எத்தனாலுக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு: ஸ்பிரிட் தடவிய தோல் காயாமல் இருக்கும்போது லேசர் பட்டால் தீப்பற்றலாம். அதனால்தான் அவர்கள் என் முகத்தைத் தண்ணீரால் துடைத்து, நன்றாக உலரவிட்டுப் பிறகே தொடங்கினார்கள். 'மது அருந்தக் கூடாது' என்று ஒரு வரி, 'ஸ்பிரிட் கலந்த திரவம் முகத்தில் தடவக் கூடாது' என்று இன்னொரு வரி எழுதினால் இந்தக் குழப்பம் தீரும். அரிஷ்டங்களையும் அந்தத் தாள் சொல்லவில்லை. தசமூலாரிஷ்டம், அசோகாரிஷ்டம் போன்றவை நொதிக்கவைத்துச் செய்யப்படுபவை. தாமாக உண்டாகும் ஆல்கஹால் அவற்றில் இருக்கும். ஒரு வேளைக்குக் குடிக்கும் அளவு சிறியதுதான் என்றாலும், எடுப்பவர் மருத்துவரிடம் சொல்லிவிடுவது நல்லது. மதுவென்றால் டாஸ்மாக் பாட்டில் மட்டுமே என்று நினைக்கும் பாட்டிமார்களிடம் இதைக் கேட்காமல் தெரிந்துகொள்ள முடியாது.

மேலும், முன்பதிவு செய்திருந்தாலும் ஒன்றரை மணி நேரம் காத்திருக்க நேர்கிறது. களிம்புகளை அவர்களுடைய மருந்தகத்திலேயே வாங்கும்படி சற்று வற்புறுத்துகிறார்கள். சன்ஸ்கிரீன் மட்டும் வெளியில் விலை குறைவாகக் கிடைத்தது. இவற்றுக்காக ஐந்தில் அரை நட்சத்திரம் குறைக்கிறேன்.

நான்கு முறை முடிந்துவிட்டது. ஆழமான தழும்புகள் முழுவதும் போகவில்லை; போகும் என்று அவர்கள் வாக்குக் கொடுக்கவும் இல்லை. ஆனால் நான்கு முறையும் ஐந்தாறு நாளில் பொருக்கு உதிர்ந்தது, ஒருமுறைகூடக் கருமை விழவில்லை. ஐந்தாவது முறைக்குத் தேதி குறிக்கப் போன வாரம் அழைத்தபோது, வரவேற்பில் இருந்தவர் முதலில் என் வேலை நாளைக் கேட்கவில்லை; "அந்த வாரத்துல கல்யாணம், விசேஷம் ஏதும் இருக்குங்களா சார்?" என்றார். மாமா மகன் கல்யாணம் இருந்தது. பத்து நாள் தள்ளி எழுதிக்கொண்டார்.